நிலம் நடுங்கிய கதை – 11: பழைய நிலைக்குத் திரும்பும் கம்பி

ஆத்தூருக்குத் தெற்கே, கெங்கவல்லிப் பக்கத்துப் பாறைகளில் கன்னங்கரேலென்று மெல்லிய கீற்றுகள் ஓடுகின்றன. புவியியலாளர்கள் அவற்றை சூடோடாக்கிலைட் என்பார்கள். பூமிக்கடியில் ஒரு பிளவின் இரண்டு பக்கமும் வேகமாக உரசி நழுவும்போது, அந்த உராய்வின் சூட்டிலேயே பாறை உருகிவிடும். நழுவல் நின்றதும் உருகியது சட்டென்று உறைந்து கருங்கோடாகத் தங்கிவிடும். மனிதர் காலடி படுவதற்கு வெகு காலம் முன்பே இந்த வட்டாரத்தில் நிலம் நடுங்கியிருக்கிறது என்பதற்குப் பாறையே சாட்சி சொல்கிறது.

ஆத்தூர்ப் பள்ளத்தாக்கின் வடக்குக் கரையில் எழுந்து நிற்பதுதான் கல்வராயன் மலை. பல்லாவரத்துக் குன்றுகளில் கிடைக்கும் சார்னோகைட் வகைப் பாறையே இங்கும் அதிகம். மலையின் தென்னடியில் சேலம்–ஆத்தூர் பிளவு மண்டலம் கிழக்கு மேற்காகப் போகிறது. இதைப் படித்துவிட்டு, மலையை ஒட்டியிருக்கும் கள்ளக்குறிச்சிக்காரர்கள் யாரும் பதற வேண்டாம். பழைய பிளவு இருக்கும் இடமெல்லாம் இன்று நடுங்கும் இடமல்ல. ஆனால் ‘நம்ம பக்கம் இதெல்லாம் வராது’ என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. சென்ற பகுதியில் பார்த்த 1900 பிப்ரவரி 8 கோவை நிலநடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் வந்தது 5.5. இரண்டுக்கும் இடையில்தான் கள்ளக்குறிச்சி இருக்கிறது.

இந்த மலையில் ஒரு காலத்தில் நிலநடுக்கத்துக்கு அஞ்சக் காரணமே இருந்திருக்காது. மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடு மண் சுவரும் மூங்கில் பின்னலும் புல் வேய்ந்த கூரையும் கொண்டது. அது சரிந்தாலும் ஆளைக் கொல்லும் கனம் அதில் இல்லை. மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தவரை வெளியுலகின் கட்டுமானம் இங்கே அதிகம் ஏறவில்லை. 1976-ல் ஜாகிர் முறை ஒழிக்கப்பட்டு மலை நேரடி அரசு நிர்வாகத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் சாலை, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், தொகுப்பு வீடு என்று ஒவ்வொன்றாக மேலேறின. அவற்றோடு கான்கிரீட் தளமும் ஏறியது. மழைக்கும் காற்றுக்கும் தீக்கும் கான்கிரீட் நல்ல காவல்தான், ஆனால் அத்தனை கனத்தையும் தலைக்கு மேல் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பில்லரும் சுவரும் பிடி விடாதவரை பயமில்லை.

பிடி விட்டால் என்ன ஆகும் என்று நாடு மூன்று தவணையில் கற்றுக்கொண்டது. 1962-ல் ஐ.எஸ். 1893 என்ற முதல் நிலநடுக்க விதித்தொகுப்பு வந்தபோது இந்தியா ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பெரும் பகுதிக்குக் கிடைத்த எண் சுழியம்: ஆபத்தே இல்லை என்று பொருள். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கருகே 6.3 அளவில் நிலம் குலுங்கியது. தீபகற்பம் அசையாது என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று. 1970-ல் சுழிய மண்டலம் நீக்கப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ல் லாத்தூர் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மடிந்தார்கள். அந்த ஊர்கள் அப்போது மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தன. தடித்த கற்சுவர்களும் கனத்த மண் கூரைகளும்தான் அங்கே உயிரைக் குடித்தன. 2002-ல் முதல் மண்டலமும் இரண்டோடு சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்தின் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலம். புதுச்சேரியும் திருச்சியும் இரண்டாம் மண்டலம். கள்ளக்குறிச்சி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வாழ்கிறது.

மூன்றாவது பாடம் 2001 ஜனவரி 26, குஜராத்தின் பூஜ். நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பொறியாளர் கையெழுத்திட்ட கான்கிரீட் அடுக்குமாடிகளே மடிந்து விழுந்தன. தரைத்தளத்தில் சுவரில்லாமல் வண்டி நிறுத்த இடம் விட்டு, மெலிந்த பில்லர்களின் மேல் நான்கைந்து மாடி ஏற்றிய கட்டடங்கள் அவற்றில் பல. உள்ளே இருந்த கம்பியைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பில்லரின் நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருந்தன. அவற்றின் முனைகள் 90 பாகையில் மட்டும் மடக்கப்பட்டிருந்தன. குலுங்கியதும் முனை விரிந்தது, ரிங் திறந்தது, உள்ளிருந்த கான்கிரீட் கொட்டியது, நெட்டுக்கம்பி வளைந்து உட்கார்ந்துவிட்டது. ரிங்கின் முனையை 135 பாகைக்கு மடக்கி உட்கான்கிரீட்டுக்குள் செருக வேண்டும், பில்லரின் தலையிலும் காலிலும் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 13920 என்ற தொகுப்பு 1993-லேயே சொல்லிவிட்டது. ஏட்டில் இருந்த விதி கம்பி கட்டுபவரின் கைக்கு வந்து சேரவில்லை. பூஜுக்குப் பிறகு ஐ.ஐ.டி. கான்பூரில் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய ‘எர்த்க்வேக் டிப்ஸ்’ என்ற எளிய குறிப்புகள் அந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ரிங்கைச் சரியாகக் கட்டிவிட்டால் கட்டடம் நிலநடுக்கத்தை வென்றுவிடுமா? வெல்லாது. விதித்தொகுப்பே அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. பலருக்கும் தெரியாத செய்தி இது. பெரிய நடுக்கத்தின் முழு விசையையும் விறைப்பாகத் தாங்கும் கட்டடம் கட்ட ஆகும் செலவு எந்த நாட்டுக்கும் கட்டாது. ஆகவே பொறியியல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நன்றாகக் கம்பி கட்டிய சட்டகமாக இருந்தால், வரக்கூடிய விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் வடிவமைத்தால் போதும் என்று இன்றைய இந்திய விதி அனுமதிக்கிறது. மீதி ஆற்றலைக் கம்பி வளைந்து, நீண்டு, கான்கிரீட் வெடித்து விழுங்கிக்கொள்ளும். சேதமே பாதுகாப்பு. உள்ளே இருப்பவர் உயிரோடு வெளியே வந்துவிடுவார், கட்டடம் அதற்குப் பிறகு பயன்படாமல் போகலாம்.

இந்த உடன்பாட்டின் விலை என்ன என்பதை 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் காட்டியது. 185 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இடிந்து விழுந்த சில கட்டடங்களில் இருந்தவர்கள். மற்றக் கட்டடங்களில் பெரும்பாலானவை விதி சொன்னபடியே நடந்துகொண்டன: வளைந்தன, வெடித்தன, விழாமல் நின்றன. ஆனால் நிமிரவில்லை. நகரின் நடுப்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைப் பிறகு இடித்துத் தள்ள வேண்டியிருந்தது. உயிர் காத்த பொறியியல் ஊரைக் காக்கவில்லை.

வளைந்த கம்பி தானாக நிமிர்ந்தால் என்ன? இந்தக் கேள்விக்கான விடை கட்டுமானத் துறையிலிருந்து வரவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த கடற்படை வெடிகல ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர் ஏவுகணை முனைக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1959-ல் நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சம அளவில் சேர்ந்த கலவைத் துண்டுகளைப் பரிசோதித்தபோது விசித்திரம் ஒன்றைக் கண்டார். ஆறிப்போன துண்டு கான்கிரீட் தரையில் விழுந்தால் மந்தமாகத் ‘தொப்’ என்றது. சூடான துண்டு மணியாக ஒலித்தது. ஒரே உலோகம் வெப்பத்துக்கு ஏற்பத் தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதற்கான முதல் அடையாளம் அது. பிறகு ஆய்வகக் கூட்டம் ஒன்றில், மடித்து மடித்துக் காட்டப்பட்ட அந்தக் கலவைத் தகட்டை டேவிட் மஸ்ஸி என்பவர் தன் புகைக்குழாய் லைட்டரால் சூடாக்கிப் பார்த்தார். தகடு கூட்டத்தார் கண் முன்னே நீண்டு நிமிர்ந்தது. நிக்கல், டைட்டானியம், அந்த ஆய்வகத்தின் பெயர் மூன்றையும் கோத்து அதற்கு நிட்டினால் என்று பெயரிட்டார்கள்.

நிட்டினாலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. குளிர்ந்த நிலையில் வளைத்துவிட்டுச் சூடாக்கினால் பழைய உருவத்துக்கு வருவது ஒன்று. சற்று வெப்பமான நிலையில், சூடாக்காமலேயே, இழுத்துவிட்டால் தானே திரும்புவது இன்னொன்று. நிலநடுக்கக்காரர்களுக்கு வேண்டியது இரண்டாவது. சாதாரண முறுக்குக் கம்பி ஒரு மீட்டரை இழுத்தால் சுமார் 2 மில்லிமீட்டர் வரைதான் நீண்டு திரும்பும். அதைத் தாண்டினால் நீண்டது நீண்டதுதான். நிட்டினால் கம்பி 60 மில்லிமீட்டருக்கு மேல் இழுத்தாலும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். இழுபடும்போது அதன் அணு அடுக்கு ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாய்கிறது. விசை விலகியதும் மறுபடி பழைய வடிவத்துக்கு நிமிர்கிறது. போவதற்கும் வருவதற்கும் ஆகும் விசையில் வேறுபாடு இருப்பதால், நடுக்கத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகச் செலவாகிவிடுகிறது. ஆக, ஒரே கம்பி அதிர்வைத் தணிக்கவும் செய்கிறது, திரும்பவும் செய்கிறது.

இதை உண்மையான கட்டடத்தில் முதலில் துணிந்து வைத்தவர்கள் இத்தாலியர்கள். வடக்கு இத்தாலியின் டிரிஞ்ஞானோ ஊரில் சான் ஜோர்ஜியோ தேவாலயத்தின் மணிக்கூண்டு 1996 அக்டோபரில் வந்த நடுக்கத்தில் விரிசல் கண்டது. அதன் உட்புறம் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளோடு நிட்டினால் கருவிகளை இணைத்து 1999-ல் சீரமைத்தார்கள். 2000 ஜூனில் கிட்டத்தட்ட அதே அளவு நடுக்கம் மறுபடி வந்தது. கூண்டில் புது விரிசல் இல்லை. 1997 செப்டம்பரில் கூரை வளைவுகள் இடிந்து நால்வரைப் பலிகொண்ட அசிசியின் புனித பிரான்சிஸ் பேராலயத்திலும் கூரைக்கும் முகப்புச் சுவருக்கும் இடையே இதே வகைக் கருவிகள் பொருத்தப்பட்டன. இரண்டுமே பழைய செங்கல்–கல் கட்டடங்கள். கான்கிரீட்டுக்குள் இந்தக் கம்பி நுழைய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

அதற்கு நெவாடா பல்கலைக்கழகத்தில் சயீத் சயீதியின் குழு பல ஆண்டுகள் அதிர்வு மேடையில் தூண்களை ஆட்டிப் பார்த்தது. அங்கே இரண்டு தெளிவுகள் பிறந்தன. முதலாவது, நிலநடுக்கத்தில் பில்லர் முழு நீளத்துக்கும் வளைவதில்லை, தலையிலும் காலிலும் குறுகிய பகுதியில்தான் முறிந்து மடங்குகிறது. எனவே விலை கூடிய நிட்டினாலை அந்த இடத்தில் மட்டும் வைத்து, மற்ற நீளத்துக்குச் சாதாரண எஃகுக் கம்பியைக் கப்ளரால் இணைத்தால் போதும். இரண்டாவது, கம்பி திரும்பினாலும் கான்கிரீட் உதிர்ந்துபோனால் பயனில்லை. அதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விக்டர் லீ 1990-களில் உருவாக்கிய வளையும் கான்கிரீட் கைகொடுத்தது. அதில் ஜல்லி கிடையாது. கன அளவில் 2 சதவீதம் நுண்ணிழை கலந்திருக்கும். ஒரு பெரிய விரிசலுக்குப் பதில் தலைமுடி அளவில் நூற்றுக்கணக்கான சிறு விரிசல்கள் விழும். சாதாரண கான்கிரீட்டைவிடப் பல நூறு மடங்கு நீட்சியை அது தாங்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டிய முதல் பாலம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நெடுஞ்சாலை 99-லிருந்து இறங்கும் வழி. அதன் தூண் தலைகளில் நிட்டினால் கம்பி இருக்கிறது.

‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழியோடு இன்று விற்கப்படுவதெல்லாம் இந்த வரிசையில் சேராது. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஹென்க் யோங்கர்ஸ் உருவாக்கிய, பாக்டீரியா சுண்ணாம்பைச் சுரந்து விரிசலை அடைக்கும் கான்கிரீட் நீர்க்கசிவுக்கு நல்ல மருந்து. முறிந்த பில்லரை அது தூக்கி நிறுத்தாது. அழுத்தினால் மின்சாரம் காட்டும் பீசோ சில்லுகளும், கார்பன் இழை கலந்ததால் தன் மீது விழும் சுமையை மின்தடையின் மாற்றத்தால் காட்டும் கான்கிரீட்டும் கட்டடத்தின் நாடியைப் பார்க்க உதவும். நடுக்கம் முடிந்த அரைமணி நேரத்தில் ‘உள்ளே போகலாமா, கூடாதா’ என்று சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி. நாடி பார்ப்பதும் நோயைத் தடுப்பதும் வேறு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தியாவில் இந்தக் கதை எங்கே நிற்கிறது? நிலநடுக்கப் பொறியியலுக்கு ரூர்க்கியில் 1960-ல் தனிப்பள்ளி தொடங்கிய ஜெய் கிருஷ்ணாவின் காலத்திலிருந்து நம்மிடம் அறிவுக்குக் குறைவில்லை. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் முப்பரிமாணத்திலும் ஆடும் அதிர்வு மேடை இருக்கிறது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் விமானத் தேவைக்காக நிட்டினாலைத் தாங்களே உருக்கிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் ‘திரும்பி வரும்’ கட்டடத்துக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் நிட்டினாலால் ஆனதல்ல, ஈயத்தாலும் ரப்பராலும் ஆனது. 2001-ல் பூஜ் நகரின் அரசு மருத்துவமனை இடிந்து, காப்பாற்ற வேண்டிய இடமே கல்லறையானது. அதே இடத்தில் எழுந்த புதிய மருத்துவமனையை நியூசிலாந்து அறிஞர் பில் ராபின்சன் 1970-களில் கண்டுபிடித்த ஈய–ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். நிலம் ஆடும்போது தாங்கி பக்கவாட்டில் சாய்ந்துகொடுக்கும். ரப்பர் கட்டடத்தைப் பழைய இடத்துக்கு இழுத்து வரும். நடுவிலுள்ள ஈயக்கட்டி உருக்குலைந்து ஆற்றலை விழுங்கும். ஈயத்தின் படிக அடுக்கு சாதாரண வெப்பத்திலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் அது அடுத்த நடுக்கத்துக்கும் தயாராக இருக்கும். ராபின்சனுக்குக் கிடைத்தது நாம் ஆயிரமாண்டுகளாகப் புழங்கும் உலோகம். அதன் இந்தக் குணத்தைக் கட்டடத்துக்குத் திருப்பியதுதான் அவர் சாமர்த்தியம்.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த இளம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதைதான் மேலே உள்ள பல ஊர்களுக்கு உயிர்நாடி. சென்னையில் ஒரு மருத்துவமனை முடங்கினால் நோயாளியை இன்னொன்றுக்குத் தூக்கிப் போகலாம். ஒரு பாலம் விரிசல் விட்டால் சுற்றிப் போகலாம். மலையில் மாற்று வழி குறைவு. பாதையில் ஒரு சிறு பாலம் உட்கார்ந்தால், மேலே சுகாதார நிலையம் முழுசாக நின்றும் பயனில்லை. ஆகவே ஆபத்து குறைந்த மண்டலத்துக்கு உயர்ந்த பொருள் எதற்கு என்று கேட்பது கணக்கின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது. நடுக்கம் வரும் வாய்ப்பு ஒரு பாதி. வந்தால் மாற்று இல்லாமை மறுபாதி. விதித்தொகுப்பு மருத்துவமனைக்கு ஒன்றரை மடங்கு விசையைக் கணக்கில் எடுக்கச் சொல்வதன் நியாயமும் இதுதான்.

அதற்காக ஒவ்வொரு தொகுப்பு வீட்டிலும் நிட்டினாலைத் தேட வேண்டியதில்லை. டைட்டானியக் கலவையை வெற்றிடத்தில் உருக்க வேண்டும், அறுப்பதும் மரை போடுவதும் கடினம், விலை எஃகைவிடப் பன்மடங்கு. வெப்பம் மாறினால் அதன் குணமும் மாறும். கோடையில் கொதிக்கும் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கும் மார்கழி இரவில் விறைக்கும் வெள்ளிமலைக்கும் ஒரே கலவை பொருந்துமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் செம்பு–அலுமினியம்–மாங்கனீசுக் கலவையும், சுவிட்சர்லாந்தில் இரும்பை அடிப்படையாகக் கொண்ட நினைவுக் கலவையும் விலையைக் குறைக்கும் முயற்சிகள். இரும்புக் கலவை நிட்டினாலைப் போலத் தானே திரும்பாது. பழைய பீமில் பதித்துச் சூடேற்றினால் சுருங்கி அதை இறுக்கிப் பிடிக்கும். பழைய பாலங்களை வலுப்படுத்த அது பயன்படும்.

எனவே வரிசை இப்படித்தான் அமைய வேண்டும். வீட்டுக்கு 135 பாகை ரிங். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சில அங்குலக் கம்பியும் கம்பி கட்டுபவரின் கொஞ்ச நேரமும்தான். மருத்துவமனைக்கு ஈய–ரப்பர் தாங்கி. அதை இந்த நாட்டிலேயே செய்து பார்த்தாயிற்று. மாற்று வழியில்லாத பாலத்தின் தூண் தலைக்கு, விலை இறங்கும் நாளில், திரும்பி வரும் கம்பி. முதல் படியைத் தாண்டாமல் மூன்றாவதுக்குத் தாவினால் விலை கூடிய உலோகம் கோணலான ரிங்குக்குள் மாட்டிக்கொண்டு வீணாகும். அறுபதாண்டு விதித்தொகுப்பு வரலாறு நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தது ‘இந்தக் கட்டடம் விழாமல் நிற்குமா’ என்பதைத்தான். மலையேறும் சாலைக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இனி சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு வரி இருக்கிறது: ‘மறுநாள் காலை இது இயங்குமா?’ இந்த வரியை எழுத எந்தப் புதிய உலோகமும் தேவையில்லை. எழுதிவிட்டால், எந்த இடத்துக்கு எந்தப் பொருள் என்பதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

(தொடரும்)

அடுத்த பகுதியில்: நீர்த்தேக்கம் நிலத்தை நடுங்க வைக்குமா? கொய்னா கிளப்பிய விவாதமும், கோமுகி போன்ற மலையடி அணைகளுக்கு அதில் உள்ள பாடமும்.